நிறுத்தத் தெரியாத கை

கோச்சின் கையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கோப்பைகளைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

போன வாரம் பழைய மாணவிகள் மூன்று பேர் கிள்ளானில் என் வீட்டுக்கு வந்தார்கள். கோச் இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார், விருந்து வைக்கிறோம், அதில் ஒரு மலர் வெளியிடுகிறோம், நீங்களும் எழுதித் தரணும் ஆன்டி என்றார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். வாசலில் யாராவது நின்றாலே பாதி உடம்பைக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்வேன்.

"எனக்கு என்னம்மா தெரியும்?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாததா? கேண்டீன்ல இத்தனை வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது நீங்கதானே லா. மேட்ச் மேட்ச்சா பொட்டலம் கட்டிக்கிட்டு வந்தீங்க. கோச் பத்தி நல்லதா நாலு வரி போதும் ஆன்டி."

நல்லதா நாலு வரி. அவர்கள் போன பிறகும் அது காதிலேயே நின்றது. அந்த அம்மாவிடம் நல்லது நாலு வரிக்கு மேலேயே இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் வீட்டில் கலை படி இறங்கும்போது ஒரு காலை முன்னால் வைத்து, மற்ற காலை இழுத்து அதன் பக்கத்தில் வைத்து, அப்புறம்தான் அடுத்த படிக்குப் போகிறாள். அந்தச் சத்தத்தைத் தினமும் காலையில் கேட்கிறவள் நான். அதனால் நல்லதையும் எழுதுகிறேன், மற்றதையும் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

கலை என் தங்கை மகள். தங்கை போன பிறகு என்னிடம்தான் வளர்ந்தாள். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள்.

ஆட்டம் தெரியாதவர்களும் மலரைப் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சாஃப்ட்பாலில் நாலு மூலைக்கு நாலு இடம், பேஸ் என்பார்கள். பந்தை அடித்த பிள்ளை மூன்று பேஸையும் தொட்டுக்கொண்டு ஓடி, அடித்த இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு புள்ளி. அந்த இடத்துக்கு ஹோம் என்று பேர். அவள் வருவதற்கு முன்னால் பந்து வந்துவிட்டால், ஹோமில் நிற்கிற கேட்சர் அதைப் பிடித்து அவளைத் தொட்டுவிடுவாள். அவுட். மூன்றாம் பேஸுக்கு ஓடி வருகிற பிள்ளைக்குப் பந்து முதுகுக்குப் பின்னால் எங்கேயோ கிடக்கும். திரும்பிப் பார்த்தால் வேகம் போய்விடும். அதனால்தான் கோச் அங்கே கோட்டுக்கு வெளியே நிற்பார். பிள்ளை அவர் கையை மட்டும் பார்க்கணும். கை காற்றாடி மாதிரிச் சுற்றினால் ஓடு. இரண்டு உள்ளங்கையையும் தூக்கிக் காட்டினால் நில்.

கோச்சின் கை சுற்றும். மலாய்க்காரப் பிள்ளை வந்தால் ஓடு என்பதற்கு அவர்கள் பாஷையில் "லாரி, லாரி!", சீனப் பிள்ளை வந்தால் "கோ, கோ!", நம் பிள்ளை வந்தால் "ஓடுடீ!" வாய்தான் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். கை மாறாது. அந்த நாளெல்லாம் அவர் உள்ளங்கையைத் தூக்கி நான் பார்த்ததே இல்லை.

சுபாங் ஜெயாவில் அந்தக் கல்லூரிக் கேண்டீனில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சாஃப்ட்பால் குழு என்று பேருக்குத்தான் இருந்தது. ஒன்பது பேர் சேரவில்லை என்றால் ஆட்டமே கிடையாது. ஹாஸ்டலில் சும்மா படுத்திருக்கிற பிள்ளையை எழுப்பி, தொப்பியை மாட்டிக் கொண்டுபோய் நிறுத்துவார். போர்ட் கிள்ளானில் காப்பிக் கடை வைத்திருந்த ஒரு சீனர், பொம்பளைப் பிள்ளை வெயிலில் ஓடக்கூடாது என்று மகளை அனுப்ப மாட்டேன் என்றுவிட்டார். கோச் தினமும் அந்தக் கடைக்குப் போய், நாற்காலி போட்டாலும் உட்காராமல், வியாபாரம் நடக்கிற வழியில் நின்றபடியே காப்பி குடித்துவிட்டு வருவார். கடைசியில் அந்த மனுஷன் இரண்டு கையையும் கூப்பி, "டேக் லா, டேக் லா! மகளையும் கூட்டிட்டுப் போ, நீயும் போ!" என்றாராம். அந்தப் பிள்ளை பிற்பாடு நாட்டுக்காக விளையாடியது.

அப்படிச் சேர்த்த குழுதான் எல்லாரையும் அடித்தது. வெள்ளைக்காரர் பேர் வைத்த பெரிய பெரிய கல்லூரியெல்லாம் பஸ்ஸில் வந்து இறங்கும்போது சிரித்துக்கொண்டு இறங்கும், ஏறும்போது வாயைத் திறக்காது. ஆபீஸ் கண்ணாடி அலமாரி நிறைந்து போய், மிச்சக் கோப்பைகளை என் கேண்டீன் பிரிட்ஜ் மேல் கொண்டுவந்து அடுக்கினார்கள். தூசி துடைப்பது என் வேலை. ஒன்றில் நான் கரண்டிகளைப் போட்டு வைத்திருந்தேன். கோச் ஒருநாள் பார்த்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"எடுத்துடுறேன் கோச்..."

"விடுங்கக்கா. அதுல ஒண்ணாச்சும் வேலை செய்யட்டும்," என்று சொல்லிவிட்டு, அதிலிருந்தே ஒரு கரண்டியை எடுத்துச் சாம்பார் ஊற்றிக்கொண்டார்.

அப்படிப்பட்டவர். கோப்பை அவருக்கு முக்கியமே இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். கோப்பைக்காகச் செய்திருந்தால், பேராசை பிடித்த பொம்பளை என்று திட்டிவிட்டு விட்டிருப்பேன்.

ஓரிடத்தில் இருக்கப் பிடிக்காது. சோற்றைக்கூடக் கவுண்டரில் தட்டை வைத்து நின்றபடிதான் முடிப்பார். "உட்காருங்க கோச், ரசம் கொண்டாறேன்" என்றால், "உட்கார்ந்தா அப்புறம் எழுந்திரிக்கணும். ரெண்டு வேலை, அக்கா" என்பார். வாயில் எப்போதும் குவாச்சி, அதுதான் உப்புப் போட்டு வறுத்த சூரியகாந்தி விதை. பல்லிலேயே உடைத்துத் தோலை மட்டும் துப்புவார். மூன்றாம் பேஸ் ஓரத்தில் புல் முளைக்காததற்குக் காரணம் கோச்சின் குவாச்சித் தோல்தான் என்று பிள்ளைகள் கேலி பண்ணும்.

ஒரு தடவை வெற்றி விழாவுக்கு மாலை வாங்க அவர் காடியில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் போனேன். சாலை விளக்கு மஞ்சள் எரிந்தது. முன்னால் போன டாக்சி நின்றது. இவர் அதைச் சுற்றிக்கொண்டு பறந்தார். நான் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டேன்.

"என்னாக்கா, பயமா? மஞ்சள்னா என்னா அர்த்தம், சொல்லுங்க."

"நிக்கத் தயாராகுன்னு."

"இல்லக்கா. சீக்கிரம் போன்னு."

அப்போது சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எரிகிறது.

ஏன் இப்படி என்று ஒரு நாள் அவரே சொன்னார். மழை பெய்து பயிற்சி நின்றுபோன ஒரு சாயங்காலம், கேண்டீன் வாசலில் நின்று திடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் பந்திங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான். பள்ளிக்கூடத்தில் விளையாடியபோது ஒரு பெரிய ஆட்டத்தில் மூன்றாம் பேஸுக்கு ஓடி வந்திருக்கிறார். அவருடைய வாத்தியார் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டி நிறுத்திவிட்டார். அடுத்து அடிக்க வந்த பிள்ளை அவுட். ஆட்டம் முடிந்தது.

"எல்லாரும் பையத் தூக்கிக்கிட்டுப் போறாங்கக்கா. லோரி கெளம்ப ஹாரன் அடிக்குது. நான் மட்டும் அந்த பேஸ் மேல நின்னுக்கிட்டே இருக்கேன். அவுட் ஆகியிருந்தாக்கூட அழுதுட்டு மறந்திருப்பேன். நின்னேனே, அத என்னா பண்றது?" என்றார். பிறகு தோலைத் துப்பிவிட்டு, "என் பிள்ளைங்க யாரும் அங்க நிக்கக்கூடாது. அவ்வளவுதான்," என்றார்.

கலையை அவர் பிடித்தது வெங்காயத்தால். பள்ளி விடுமுறையில் கலை எனக்கு ஒத்தாசையாக வருவாள். அழுகின வெங்காயத்தைப் பொறுக்கி, சமையலறையின் இந்தக் கோடியில் இருந்தபடியே அந்தக் கோடிக் குப்பைத் தொட்டிக்குள் எறிவாள். ஒன்றுகூட வெளியே விழாது. கோச் தட்டோடு நின்று பார்த்தார். மெல்லுகிறதை நிறுத்திவிட்டார்.

"அக்கா, இந்தக் கைய எனக்குக் குடுங்க."

"சோத்துக்கு வழி பண்ற கை கோச், அதப் போய்..."

"படிப்பும் தரேன், சோறும் தரேன். கைய மட்டும் குடுங்க."

சொன்னபடியே செய்தார். கலைக்குக் கட்டணம் இல்லாமல் அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது அவரால்தான். இதை நான் மறைக்கவில்லை. நான் மேசை துடைத்த இடத்தில் என் தங்கை மகள் உட்கார்ந்து சாப்பிட்டாள். முதல் வருஷமே அவள் கோச் கையைப் பார்த்து ஓடி வந்து, புழுதியில் சறுக்கி, ஹோமைத் தொட்டு எழுந்தபோது, நான் மீஹூன் சேமியாப் பொட்டலத்தையெல்லாம் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினேன். கூட்டத்தில் நான் சத்தம் போட்டது அன்றைக்குத்தான்.

மூன்றாம் வருஷம், இறுதி ஆட்டம். நாட்டுக் குழுவின் பயிற்சிக்கு வரச் சொல்லிக் கலைக்குச் செய்தி வந்திருந்தது. பகலில் மழை பெய்து விட்டிருந்தது. ஹோம் பக்கத்துச் செம்மண் சேறாகிப் பளபளவென்று கிடந்தது. நாங்கள் எட்டிப் பிடிக்க முடியாத அளவுக்கு முன்னால் இருந்தோம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளே எப்போது முடியும், பஸ் ஏறலாம் என்றுதான் நின்றார்கள். இன்னொரு புள்ளி யாருக்கும் வேண்டாம். இதை நான் சத்தியமாகச் சொல்கிறேன், யாருக்கும் வேண்டாம்.

கலை மூன்றாம் பேஸுக்கு வந்தாள். பந்து அப்போதே கேட்சரை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. பின்னால் பெஞ்சில் இருந்த எனக்கே தெரிந்தது. கலைக்குத் தெரியாது. அவள் கையைத்தான் பார்த்தாள்.

கை சுற்றியது. "ஓடுடீ!"

ஓடினாள். சறுக்கினாள். காலணியின் முள் சேற்றில் மாட்டிக்கொண்டது. உடம்பு போய்விட்டது, முட்டி அங்கேயே நின்றுவிட்டது. அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

கோச் ஓடி வந்து மண்டியிட்டார், ஐஸ் வைத்தார், ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். அப்புறம் இன்னொரு பிள்ளையைக் கலையின் இடத்தில் போட்டுவிட்டு, மூன்றாம் பேஸ் ஓரத்துக்கே திரும்பிப் போனார். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது பார்க்கிறேன், அந்தக் கை மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சட்டையில் கலை விழுந்த சேறு. கையில் பதக்கம். கலை கழுத்தில் போட்டுவிட்டு என்னிடம் திரும்பி, "அவ அவுட் இல்லக்கா. கேட்சர் பந்தத் தவற விட்டுட்டா. சேஃப்," என்றார்.

சேஃப். முட்டிக்குள் ஜவ்வெல்லாம் கிழிந்து, கால் தலையணை மாதிரி வீங்கிக் கிடக்கிற பிள்ளையைக் காட்டி சேஃப் என்றார். அந்தப் பைத்தியக்காரப் பிள்ளையும், "சேஃபா கோச்?" என்று சிரித்தது. நான் ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துப் பிழிந்து சாறு முழங்கை வரைக்கும் ஓடியது. வாயைத் திறந்திருந்தால் அந்த வார்டே காலியாகியிருக்கும்.

அதோடு அவர் வராமல் போயிருந்தால் வசதியாகத் திட்டியிருப்பேன். வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாரம்கூடத் தவறாமல் கிள்ளானுக்கு வந்து, தரையில் பாயை விரித்து, கலையின் காலைத் தன் மடியில் வைத்து மடக்கி நீட்டிப் பழக்கினார். அங்கேயும் அதே கதைதான். அவள் வலியில் பல்லைக் கடிப்பாள். "இன்னும் கொஞ்சம்டீ, இன்னும் கொஞ்சம்" என்பார். நான் சமையலறையில் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன். கால் நேராக வந்தது. ஓட வரவில்லை. நாட்டுக் குழுவின் செய்தி வந்த காகிதத்தைக் கலையே எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டாள். இப்போது ஒரு கிளினிக்கில் உட்கார்ந்து மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை.

ஒரே ஒரு தடவை கேட்டேன். கோச் வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்டேன். "அன்னிக்கு ஏன் கோச் கையச் சுத்துனீங்க? உள்ளங்கையத் தூக்கியிருந்தா என்னா?"

அவர் நிமிரவில்லை. "என் கைக்கு நிறுத்தத் தெரியாதுக்கா," என்றார்.

மன்னிப்பும் கேட்கவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. ஆனால் நான் அதை நம்பினேன். நம்பினால்தான் அவரை வீட்டுக்குள் விட முடியும். பேச்சு வராத பிள்ளையிடம் ஏன் பேசவில்லை என்று கேட்க முடியுமா? அந்த மாதிரி, இந்த அம்மாவின் கைக்கு நிறுத்தத் தெரியாது, அதற்கு நாம் என்ன செய்வது என்று மனசை ஒருவாறு மூடி வைத்தேன். இத்தனை வருஷம் அந்த மூடியோடுதான் அவருக்குத் தேத்தண்ணி கலந்து கொடுத்தேன்.

போன மாதம் அவருடைய கடைசி இறுதி ஆட்டம். கலை கிளினிக்கில் லீவு போட்டுவிட்டாள். "வாங்க பெரியம்மா, கோச்சோட லாஸ்ட் மேட்ச்" என்று பிடித்து இழுத்தாள். கிள்ளானிலிருந்து ரயிலேறி சுபாங் ஜெயாவில் இறங்கிப் போனோம். அன்றைக்கும் மழை. ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது.

கடைசிக் கட்டம். நாங்கள் ஒரு புள்ளி பின்னால். இன்னும் ஒரு அவுட் விழுந்தால் முடிந்தது. ஒருத்தி ஓங்கி அடித்தாள், பந்து வேலி வரைக்கும் போயிற்று. முதல் பேஸில் இருந்த சின்னப் பிள்ளை, மலாய்க்காரப் பிள்ளை, தலையில் துணி கட்டி, முட்டியில் பட்டை போட்ட பிள்ளை, இரண்டாம் பேஸைத் தாண்டி வருகிறது. கூட்டம் எழுந்துவிட்டது. அது ஹோமுக்கு வந்தால் சமம். பந்து இன்னும் தூரத்தில்தான். கலை என் தோளைப் பிடித்து அமுக்கிக்கொண்டு, "லாரி! லாரி!" என்று கத்துகிறாள்.

கோச் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். ஹோம் பக்கத்துச் சேற்றைப் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கினார்.

வெயிலில் கறுத்த கை. அதன் உள்ளங்கை அப்படி வெளுத்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

பிள்ளை மூன்றாம் பேஸில் தடுமாறி நின்றது. அடுத்து வந்தவள் அடித்த பந்து உயரப் போய் நேராக ஒருத்தி கையில் விழுந்தது. முடிந்தது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கத்தினார்கள். எங்கள் பக்கத்தில் ஒருத்தர், "வயசாச்சு லா கோச்சுக்கு, பயம் வந்துடுச்சு" என்றார்.

கலை அழுதுகொண்டிருந்தாள். "அவ போயிருப்பா பெரியம்மா! நல்லாப் போயிருப்பா! ஏன் நிறுத்துனாங்க?" நொண்டிய காலோடு தடுப்பைத் தாண்டித் திடலுக்குள் போனாள். எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சின்னப் பிள்ளை மட்டும் மூன்றாம் பேஸ் மேலேயே நின்றது. கலை அதனிடம்தான் போனாள்.

கோச் என்னிடம் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குவாச்சிப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. திடலில் போகிற கலையின் காலைப் பார்த்தபடியே சொன்னார்:

"மண்ணு ஈரமா இருந்துச்சுக்கா."

கதவு இல்லாத இடம். பின்னால் ஒதுங்க ஒன்றும் இல்லை. சுற்றிலும் ஆள். என் குரல் எனக்கே கேட்டது.

"அன்னிக்கும் ஈரமாத்தான் இருந்துச்சு."

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. பொட்டலம் சரிந்து குவாச்சியெல்லாம் என் செருப்பு மேல் கொட்டியது. அவர் குனிந்து பொறுக்கவும் இல்லை, போகவும் இல்லை. நான்தான் போனேன்.

ரயிலில் கலை ஷா ஆலாம் தாண்டிய பிறகுதான், "கோச் அழுறாங்க. என்னா சொன்னீங்க?" என்றாள். சொன்னேன். "ஏன் பெரியம்மா? கடைசி நாள் அதுவுமா?" என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சின்னப் பிள்ளையை நிறுத்தியதில் கோபம். எனக்கு என் பிள்ளையை நிறுத்தாததில் கோபம். இரண்டும் ஒரே சீட்டில் உட்கார்ந்து கிள்ளான் வரைக்கும் வந்தது.

அந்த மலாய்க்காரப் பிள்ளை நல்ல காலோடு வீட்டுக்குப் போனது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். அதன் அம்மா கும்பிட வேண்டிய உள்ளங்கை அது. ஆனால் நிறுத்தத் தெரியாது என்று என் வாசலில் குனிந்துகொண்டு சொன்னாரே, அதை நம்பி நான் ஊற்றிய தேத்தண்ணி எத்தனை! தெரிந்திருக்கிறது. அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. என் கலை காலைக் கொடுத்துக் கற்றுக் கொடுத்தாளோ, முன்னாலேயே தெரியுமோ, அதை அவர்தான் சொல்லணும். இன்னும் சொல்லவில்லை.

விருந்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கலை புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். நானும் வருவேன். எனக்கு மேடையெல்லாம் வேண்டாம், கதவோரமாக ஒரு நாற்காலி போதும். கோச் சாப்பிட வரும்போது வழக்கம்போல நின்றுகொண்டு சாப்பிட விடமாட்டேன். என் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து சொல்லட்டும்.